லிஸ்பன் வெயில்

வெயிலைத் தேடிப் பிரயாணம் செய்வதென்பது, நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்து, சித்திரை வைகாசி மாதங்களில் நிழலைத் தேடி ஓடியே வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய காரியமன்று. ஆனால் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் கட்டடப் பொறியியல் கற்கச் சென்ற எனக்கு அது முதற் குளிர்காலத்திலேயே விளங்கிவிட்டது. டிசம்பர் மாதத்தில் பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடும். மறுநாட் காலையில் வகுப்புக்குப் புறப்படும்போதும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். கரிப்புகை படிந்த மணற்கல்லாலான அந்த அழகிய நகரமும், அதன்மேற் கவிந்த மேகமும், அதனூடே நடந்து செல்லும் ஜனங்களின் மேலங்கிகளும் ஒரே சாம்பல் நிறமாகிப் போன அம்மாதங்களில், சூரிய வெளிச்சமானது உணவையும் உறக்கத்தையும் போலவே மனிதனுடைய தேகத்துக்கும் மனத்துக்கும் இன்றியமையாத பொருள் என்பதை நான் அநுபவத்தில் அறிந்துகொண்டேன்.

என்னுடன் படித்த மாணவர்கள், மலிவுக் கட்டண விமானங்களில் முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொண்டு, வெள்ளிக்கிழமை மாலையில் தென் ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை இரவில் முகத்தில் ஒரு புதுக்களையோடு திரும்பி வருவது வழக்கம். அவ்வாறு நானும் ஒரு பிப்ரவரி மாத வார இறுதியில் போர்த்துகல் நாட்டுத் தலைநகரான லிஸ்பனுக்குப் புறப்பட்டேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 2800 மணி நேரம் வெயில் காயும் ஊர் அது. எடின்பரோவுக்குக் கிடைப்பதைப் போல் இருமடங்கு. ஆனால் அந்த நகரத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு வெயில் ஒன்றே காரணமன்று. 1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைப்பற்றும்வரை நாகப்பட்டினம் போர்த்துகீசியரின் வாணிபத் தலமாயிருந்தது. கடலிற் புயலுக்குத் தப்பிக் கரையேறிய போர்த்துகீசிய மாலுமிகள் நன்றிக் காணிக்கையாக எழுப்பியதே வேளாங்கண்ணிக் கோயில் என்பது எங்கள் பக்கத்துப் பரம்பரைச் செய்தி. ஆகவே அந்த மாலுமிகள் எந்தத் துறையிலிருந்து பாய் விரித்தார்கள் என்று பார்க்கும் ஆவல் சிறு வயதிலிருந்தே என் மனத்தில் இருந்து வந்தது.

மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஆகாயப் பிரயாணத்தில் மேகமண்டலம் முழுவதையும் கடந்து வந்து, விமானம் தாழ இறங்கியபோது, சிவந்த ஓட்டுக் கூரைகளும், மஞ்சளும் வெண்மையும் இளஞ்சிவப்புமான சுவர்களும், குன்றுக்குக் குன்று ஏறி இறங்கும் வீதிகளும், அவற்றுக்கெல்லாம் அடியில் விரிந்து கிடந்த தேஜோ நதியும் ஒருங்கே கண்ணிற் பட்டன. மறுநாட் காலையில் கிராசா என்னும் மேட்டின்மீதுள்ள செனோரா தோ மோந்தே மேடையிலிருந்து பார்த்தபோதுதான் அவ்வெளிச்சத்தின் விசேஷத்துக்குக் காரணம் புலனாயிற்று. கடலோடு கலக்குமுன் அந்நதி நகரத்தின் கிழக்கே ஓர் ஏரியைப் போல் அகன்று, அங்குள்ளோர் வைக்கோற் கடல் என்று அழைக்கும் பெரும் நீர்ப்பரப்பாகின்றது. காலைக் கதிர்கள் முதலில் அந்நீரில் விழுந்து, அங்கிருந்து எழும்பிக் குன்றுகளின் சரிவிலுள்ள சுவர்களில் பட்டு, சுவர்களிலிருந்து தெருவின் வெண்கற்களுக்கு இறங்கி, அவற்றிலிருந்து மறுபடியும் மேலெழுந்து மனிதர்களுடைய முகங்களின் கீழ்ப்பாகத்தைக்கூடப் பிரகாசிக்கச் செய்கின்றன. நிழலில் நிற்பவனுக்கும் அங்கே வெளிச்சத்திற் பங்கு உண்டு. மாதக்கணக்காக இறுகிக் கிடந்த என் தோள்கள் தாமாகவே தளர்ந்ததையும், காரணமின்றி எதிரே வருகிறவர்களைப் பார்த்து நான் புன்னகை செய்ததையும் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அந்த வெண்கற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லிஸ்பனின் நடைபாதைகளிற் பெரும்பாலானவை சிமெண்டாலோ தாராலோ ஆனவையல்ல. உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு உடைத்த சுண்ணாம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, இடையிடையே கரிய கற்களால் அலை, கொடி, நட்சத்திரம் முதலிய கோலங்கள் வகுத்து அமைத்தவை. 1842-ஆம் ஆண்டில் சான் ஜோர்ஜ் கோட்டையில் சிறைக்கைதிகளைக் கொண்டு முதன்முதலாக இவ்வகைக் கோலத்தளம் போடப்பட்டது; ஜனங்கள் அதை வந்து பார்த்து வியக்கவே, சில ஆண்டுகளுக்குள் ரோசியோ சதுக்கம் முழுவதும் அலைகள் வடிவில் தளமிடப்பட்டது. ரோசியோவிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், பெயர்ந்துபோன தளத்தைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த ஒரு முதியவரை நான் வெகுநேரம் நின்று கவனித்தேன். தரையோடு தரையாக ஒரு சாண் உயரமுள்ள மரமணையில் அவர் அமர்ந்திருந்தார். இடக்கையில் ஒரு கல்லை எடுத்து, விரல்களால் இரண்டு மூன்று தரம் புரட்டி, அதன் இழை ஓடும் திசையை அறிந்துகொண்டு, வலக்கையிலுள்ள சுத்தியலால் ஒரே தட்டுத் தட்டுவார். அவர் நினைத்த முகத்தில் நினைத்தபடியே கல் பிளக்கும். அதை மணற்படுகையில் வைத்துச் சுத்தியலின் பின்புறத்தால் இரண்டு தட்டுத் தட்டியதும், பக்கத்துக் கற்களோடு நூல் நுழையவும் இடமின்றி அது பொருந்தி அமரும். பத்திருபது கற்கள் சேர்ந்தவுடன் மணலைத் தூவி, நீர் தெளித்து, கனத்த மரக்கட்டையால் இடித்து இறுக்குவார். நான் நிற்பதைக் கண்டு, அடுத்த கல்லை உடைக்குமுன் அதை வெயிலுக்கு நேரே பிடித்து, இழையைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார். பாஷை தேவைப்படாத பாடம் அது. இத்தொழிலைக் கற்பிப்பதற்கென்று லிஸ்பன் நகரசபை 1986-ஆம் ஆண்டு முதல் ஒரு பள்ளியே நடத்தி வருகிறதென்பதைப் பின்னர் அறிந்து, அந்நகரத்தின்மீது எனக்கு மதிப்பு உயர்ந்தது.

குன்றுகளுக்கிடையே, நதிக்கும் ரோசியோவுக்கும் நடுவே சமதளமாக அமைந்த பகுதிக்குப் பைஷா என்று பெயர். மேட்டிலுள்ள ஆல்ஃபாமா, மொராரியா முதலிய பழம்பகுதிகளின் கோணல்மாணலான சந்துகளில் ஏறி இறங்கிவிட்டு அங்கே வருகிறவனுக்கு, நேர்க்கோடாக ஓடும் அதன் வீதிகளும், ஒரே உயரமும் ஒரே வரிசைச் சாளரங்களும் கொண்ட அதன் கட்டடங்களும் வேறு ஓர் ஊருக்கு வந்துவிட்டோமோ என்ற பிரமையை உண்டாக்கும். தட்டார் வீதி, வெள்ளி வேலைக்காரர் வீதி, செருப்புத் தைப்போர் வீதி, சேணக்காரர் வீதி, துணி வணிகர் வீதி என்று தொழில்முறையாக அவை வகுக்கப்பட்டிருக்கின்றன. வீதிகள் சென்று முடியும் இடத்தில், மூன்று பக்கம் மஞ்சள் நிற மாளிகைகளும் நான்காம் பக்கம் நதியுமாக அமைந்த விஸ்தாரமான சதுக்கத்தின் நடுவே, முதலாம் ஜோசே மன்னர் குதிரைமீது அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலை நிற்கிறது. கட்டடப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அப்பகுதியைக் காணவேண்டுமென்று நான் முன்னமே குறித்து வைத்திருந்தேன். ஏனெனில் அங்குள்ள ஒவ்வொரு சுவரும் ஒரு பெரும் நாசத்துக்குப் பதிலாக எழுந்தது.

1755-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் தேதி, கத்தோலிக்கர்கள் சகல புனிதர்களையும் நினைந்து வழிபடும் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குப் பிறகு, நகரத்தின் தேவாலயங்களெல்லாம் ஜனங்களால் நிரம்பி, பீடங்களில் எண்ணற்ற மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. விழுந்த கற்களுக்குத் தப்பியவர்கள், கட்டடமில்லாத திறந்தவெளி என்று நம்பி நதிக்கரைக்கு ஓடினார்கள். அங்கே நீர் பின்வாங்கித் தரை தெரிந்தது. பின்பு கடல் எழுந்து வந்தது. வீழ்ந்த மெழுகுவர்த்திகளாலும் அடுப்புகளாலும் பற்றிய தீ ஏறக்குறைய ஒரு வாரம் எரிந்தது. நதிக்கரை அரண்மனையும், அதிலிருந்த அரச நூலகமும், திறந்து சில மாதங்களே ஆன இசை நாடகசாலையும் அழிந்தன. மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். வோல்டேர், கான்ட் முதலிய ஐரோப்பிய அறிஞர்கள், அந்தச் செய்தி கேட்டு, உலகின் ஒழுங்கைப் பற்றியும் இயற்கையின் செயலைப் பற்றியும் மீண்டும் சிந்திக்கலாயினர்.

இவற்றையெல்லாம் நான் பாடப்புத்தகத்தில் முன்பே படித்திருந்தேன். ஆயினும் அந்தச் சதுக்கத்தின் விளிம்பில், நதியினுள் இறங்கும் பளிங்குப் படிகளின் அருகே, இரண்டு கல்தூண்களுக்கிடையில் நின்றபோது என் மனம் முற்றும் வேறொரு கரைக்குச் சென்றுவிட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் திருநாளுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் வழிபாட்டிலும், கரையிலும், கடைத்தெருவிலுமாக நிறைந்திருந்த காலைவேளை. அன்றும் கடல் எழுந்து வந்தது. தமிழ்நாட்டில் மாண்ட ஏறத்தாழ 8000 பேரில் 6000-க்கும் மேற்பட்டவர்கள் எங்கள் நாகை மாவட்டத்தில் மாண்டவர்கள். நான் அப்பொழுது பள்ளி மாணவன். எங்கள் வீடு கரையிலிருந்து தள்ளி இருந்தமையால் நாங்கள் தப்பினோம். பள்ளிக்கூடம் மறுபடியும் திறந்த அன்று, ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, சில பெயர்களின்மேல் விரலை வைத்துப் பேசாமல் தாண்டிச் சென்றார். நாங்களும் பேசவில்லை. கட்டடங்களைப் பற்றிப் படிக்க வேண்டுமென்ற எண்ணம் எனக்கு உண்டானது அந்த ஆண்டிலேதான். நூற்றாண்டுகள் இரண்டரை இடைவெளியிட்டு, திருநாளும் திருநாளுக்கு அடுத்த நாளுமாகிய இரண்டு காலைப்பொழுதுகளில், வெகு தொலைவிலுள்ள இரண்டு கரைகள் ஒரே துன்பத்தை அநுபவித்திருக்கின்றன என்ற நினைவு அவ்விடத்தில் என்னை வெகுநேரம் அசையவிடாமற் பிடித்துக்கொண்டது. ஒரு துக்கம் தன்னைப் போன்ற இன்னொரு துக்கத்தைக் காணும்போது சற்று இலேசாகின்றது என்பதை அப்பொழுது உணர்ந்தேன்.

அந்தத் துயரத்திலிருந்து லிஸ்பன் எவ்வாறு எழுந்தது என்பதே, அந்நகரத்தில் நான் கண்டவற்றுள் தலைசிறந்தது. மன்னர் ஜோசே அன்று நகருக்கு வெளியே பெலேமில் இருந்ததால் உயிர் தப்பினார்; ஆனால் அதற்குப் பின் கல் கூரையின் கீழ் வசிக்க அஞ்சி, அஜுடா மேட்டில் கூடாரத்திலும் மரவீட்டிலுமாகவே வாழ்ந்தார். காரியங்களை ஏற்றுக்கொண்டவர், பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பிரசித்தி பெற்ற அமைச்சர். அவர் அரசியலிற் கொடுங்கரம் உடையவர். எதிரிகளை இரக்கமின்றி அழித்தவர். ஆயினும் அவர் செய்த ஒரு காரியத்தை மறக்கலாகாது. நாட்டிலுள்ள பங்குத் தந்தைகளுக்கெல்லாம் ஒரு கேள்விப் பட்டியலை அனுப்பினார். அதிர்ச்சி எத்தனை நேரம் நீடித்தது? எந்தத் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றியது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? கிணறுகளிலும் ஊற்றுக்களிலும் என்ன மாறுதல் கண்டது? நிலம் எங்கேனும் பிளந்ததா? எத்தனை வீடுகள் வீழ்ந்தன, எத்தனை பேர் மாண்டனர்? பாவத்துக்குத் தண்டனையாக வந்தது என்று பிரசங்கங்கள் முழங்கிய அந்த நாட்களில், நடந்ததை நடந்தபடி அறிய முயன்ற இக்கேள்விகள் பூகம்ப சாஸ்திரத்தின் பிறப்புக்கு அறிகுறி என்று அறிஞர்கள் மதிக்கிறார்கள். பதில்கள் இன்றும் அந்நாட்டு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

பொம்பாலுக்குத் துணை நின்றவர்களுள், ராஜ்யத்தின் தலைமைப் பொறியாளராகிய மனுவேல் ட மாயா என்பவரே என் வணக்கத்துக்கு உரியவர். அப்பொழுது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. பழைய ஆவணங்களை இடிபாடுகளிலிருந்து மீட்டுப் பாதுகாத்தவரும் அவரே. பூகம்பத்திலும் வீழாமல் நின்று ஜனங்களுக்கு நீர் தந்த மாபெரும் கால்வாய்ப் பாலத்தின் வேலையில் பங்கு கொண்டவரும் அவரே. அந்த முதியவர் அவசரப்படவில்லை. பழையபடியே கட்டலாமா, வீதிகளை அகலப்படுத்திக் கட்டலாமா, மாடிகளைக் குறைக்கலாமா, தாழ்ந்த பகுதி முழுவதையும் சமமாக்கிப் புதிதாக வகுக்கலாமா, அன்றிப் பெலேம் பக்கம் வேறு நகரமே அமைக்கலாமா என்று ஒவ்வொரு வழியையும் குணதோஷங்களோடு எழுதி வைத்தார். எல்லாவற்றையும் சமமாக்கிப் புதிதாக வகுப்பதென்பதே முடிவாயிற்று. எவுஜெனியு தொஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்டேல் முதலிய கட்டடச் சிற்பிகள் திட்டம் வரைந்தார்கள். இடிந்த கற்களையும் மண்ணையும் கொண்டே நிலத்தை உயர்த்தினார்கள். ஈரமான ஆற்றுப்படுகையில் மரத் தூண்களை நெருக்கமாக இறக்கி, அவற்றின்மீது அஸ்திவாரம் எழுப்பினார்கள். தீ பரவாதிருக்க, வீட்டுக்கு வீடு நடுவே கூரைக்கு மேலெழும் சுவர்களை வைத்தார்கள்.

யாவற்றிலும் முக்கியமானது சுவர்களுக்குள் இருக்கும் மரச்சட்டம். அங்குள்ளோர் அதைக் கூண்டு என்றே வழங்குகிறார்கள். செருப்புத் தைப்போர் வீதியில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் வாயிலில் நின்று எட்டிப் பார்த்த என்னை, அங்கிருந்த மேஸ்திரி, பொறியியல் மாணவன் என்று அறிந்ததும், தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்து உள்ளே அழைத்துச் சென்றார். முதல் மாடியில் சுண்ணாம்புப் பூச்சு முழுவதும் உரிக்கப்பட்டிருந்த ஒரு குறுக்குச் சுவரில், நெடுக்கும் குறுக்குமான மரங்களும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூலைக்கு மூலை பெருக்கற்குறி போலக் கோத்த சாய்மரங்களும், அவற்றின் இடைவெளிகளில் கல்லும் சுண்ணமும் இட்ட நிரப்பும் தெளிவாகக் காணப்பட்டன. சாய்மரங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி எடுத்து, ஒரே தளமாகப் பொருந்தும்படி தச்சர்கள் இணைத்திருந்தார்கள். உளி சென்ற தடம்கூட அழியவில்லை. கல், பாரத்தைத் தாங்கும். ஆனால் இழுவிசை வந்தால் பிளந்துவிடும். மரமோ வளையும், இழுவைப் பொறுக்கும், அதிர்வைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். முக்கோணமாகக் கோத்த மரங்கள் வடிவம் குலையா. ஆகவே நிலம் ஆடினால் கல் உதிரலாம், கூண்டு நிற்கும், மாடியும் கூரையும் உள்ளிருப்பவர் தலையில் விழா. மாதிரி ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிப் படைவீரர்களைத் தாளம் தப்பாமல் மிதித்து நடக்கச் செய்து சோதித்தார்கள் என்று சொல்வதுண்டு. அந்த மரத்தில் உள்ளங்கையை வைத்தபோது, கடல் கொண்ட ஊரிலிருந்து வந்த எனக்கு, இன்னும் பிறவாத மனிதருக்காக ஒருவர் பட்ட கவலையைத் தொட்டுப் பார்ப்பதாகவே தோன்றியது.

எல்லாவற்றையும் மறுபடியும் கட்டிய அந்நகரத்தில் ஒன்று மட்டும் கட்டப்படாமல் நிற்கிறது. பைஷாவுக்கு மேலே, குன்றின் விளிம்பில், 1389-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கார்மோ மடத்தின் தேவாலயம், பூகம்பத்திற் கூரை இழந்தது. திரும்பக் கட்டத் தொடங்கிய வேலையும், 1834-ல் சமய மடங்கள் கலைக்கப்பட்டபோது நின்றுபோயிற்று; அதன்பின் அவ்வாறே விட்டுவைக்க முடிவு செய்து, 1864 முதல் அதைத் தொல்பொருட் காட்சிசாலையாகப் போற்றி வருகிறார்கள். கூரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வளைவுகளும், வளைவுகளுக்கு மேல் நீல ஆகாயமும் இருக்கின்றன. நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அன்றிரவு உணவின்போது அந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும், "கார்மோவில் கூரை விழுந்த கதையைத்தான் உனக்குச் சொல்லியிருப்பார்கள், மகனே, அதே இடத்தில் ஓர் அரசாங்கமும் விழுந்தது, தெரியுமா?" என்று கேட்டார். 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி, 48 ஆண்டுக் காலச் சர்வாதிகாரம் முடிவுற்ற நாளில், பிரதம மந்திரி மார்செலோ கயத்தானோ அடைக்கலம் புகுந்ததும் சரணடைந்ததும் கார்மோ சதுக்கத்திலுள்ள காவற்படை மாளிகையிலேதான். "யாரும் வீட்டை விட்டு வெளியே வரவேண்டாமென்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்" என்று சொல்லும்போது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய அந்த உற்சாகம் அவர் குரலில் அப்படியே இருந்தது. துப்பாக்கிக் குழல்களில் ஜனங்கள் செருகிய சிவப்புக் கார்னேஷன் மலர்களில் ஒன்றைத் தாமும் கொடுத்ததாகச் சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பின் மொராரியாவின் சந்து ஒன்றில், பத்துப் பன்னிரண்டு பேர் அமரக்கூடிய ஒரு சிறு கடைக்கு என்னை அவரே அழைத்துச் சென்றார். விளக்குகளைத் தணித்தார்கள், பாத்திரங்களின் ஓசை அடங்கிற்று, பன்னிரண்டு தந்திகள் கொண்ட போர்த்துகீசியக் கிதார் ஒலிக்க, நடுத்தர வயதுள்ள ஒரு பெண்மணி கண்களை மூடிக்கொண்டு ஃபாதோ என்னும் அந்நாட்டுப் பாட்டைப் பாடினார். பொருள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடல்மேற் சென்றவர்கள் திரும்பி வராத வீடுகளின் பாட்டு அது என்று ஐயமின்றி உணர்ந்தேன். எங்கள் கரையிலும் அத்தகைய வீடுகள் உண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெலேமுக்குச் சென்றேன். 1497-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வாஸ்கோ ட காமா கப்பலேறிய துறை அதுவே. அங்கே, கீழ்த்திசையிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த வாணிபத்தின் மீது விதித்த ஐந்து சதவீத வரியைக் கொண்டு மனுவேல் மன்னர் எழுப்பிய ஜெரோனிமோஸ் மடம், வெண்கல்லிற் செய்த தந்த வேலையென நிற்கிறது. தூண்களில் கயிறுகளும் முடிச்சுகளும் கடற்பாசிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வாயிலருகே ஒருபுறம் வாஸ்கோ ட காமாவின் கல்லறையும், மறுபுறம் அவர் பிரயாணத்தைக் காவியமாக்கிய கமோயிஷின் கல்லறையும் உள்ளன. முதல் கல்லறையின் முன் என் மனத்தில் பக்தி எழவில்லை. 1502-ல், தம் இரண்டாம் பிரயாணத்தில், மெக்கா யாத்திரிகர்கள் நிறைந்த ஒரு கப்பலை மலையாளக் கரையருகே அவர் தீயிட்டு எரித்ததை நான் அறிவேன். அந்தச் செல்வத்தின் அடியிற் கிடக்கும் துன்பத்தையும், கல்லில் தெரியும் கலையையும் ஒருங்கே நெஞ்சில் வைத்துக்கொள்வதுதான் அங்கே செல்பவனுக்கு நேர்மை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் நான் பெலேமுக்கு வந்ததன் காரணம் வேறொன்று. அம்மடத்தின் ஒரு பகுதியிலுள்ள தேசியத் தொல்பொருட் காட்சிசாலை, தமிழர்களுக்கு அருமையான ஒரு சிறு புத்தகத்தைக் காத்து வருவதாகப் படித்திருந்தேன். 1554-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ஆம் தேதி லிஸ்பனில் அச்சேறிய அந்த ஜெபப் புத்தகத்தில், தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், போர்த்துகீசியப் பொருளோடு, கறுப்பும் சிவப்புமான மையில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதை உருவாக்குவதில் ஈடுபட்டவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா குருஸ் என்று போர்த்துகீசியப் பெயர் தாங்கிய நம்மவர். கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் என்னும் நூல் அச்சானது 1578-ல். ஆகையால் அச்சில் தமிழ் முதன்முதல் ஒலித்த ஊர் லிஸ்பனே. தனிநாயகம் அடிகள் முதலியோர் இதைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்புத்தகத்தைக் கண்ணாற் காணும் பாக்கியம் எனக்கு அன்று கிட்டவில்லை. எனினும் அந்த நீண்ட சுவரையொட்டி வெயிலில் நடந்தபோது, கடல் கடந்து வந்து, குளிர்கால வெளிச்சத்தில் அச்சுக்கூடத்தில் குனிந்து, தம் தாய்மொழியின் ஒலிகளை அந்நிய எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்திய அம்மூவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அந்த ஊரில் எத்தனை தனிமை இருந்திருக்கும்! அத்தனிமையிலும் அவர்கள் வேலையை முடித்தார்கள்.

1837 முதல் முட்டைப்பால் அப்பம் சுட்டுவரும் பக்கத்துக் கடையில், மேலே பட்டைப்பொடி தூவி, சூடாக இரண்டு வாங்கித் தின்றுவிட்டு, மாலை விமானத்தைப் பிடித்தேன்.

அந்த வார இறுதி எனக்குக் கொடுத்தது உடம்புக்கு வேண்டிய வெயிலை மட்டுமன்று; என் படிப்பின் போக்கையே அது தீர்மானித்தது. பூமி அதிர்வுக்கும் கடல் எழுச்சிக்கும் நிற்கக்கூடிய எளிய வீடுகளைப் பற்றியே என் ஆய்வும், அதன்பின் என் உத்தியோகமும் அமைந்தன. லிஸ்பனின் பிரகாசத்திற் பாதியைச் சூரியன் கொடுக்கிறான். மறுபாதி மனிதர் செய்தது. வீதியை அகலப்படுத்தி ஒளியை உள்ளே விட்டவர்களும், தெருவுக்கு வெண்கல் பதித்தவர்களும், சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மரக்கூண்டு வைத்தவர்களும் இல்லாவிட்டால், அதே வெயில் அங்கே இடிபாடுகளின்மேற் காய்ந்திருக்கும். ஆகையால் இன்று ஐரோப்பாவிலே படிக்கும் நம் பிள்ளைகள் அந்நகரத்துக்குப் போவதாகச் சொன்னால், மனம் நிறைய வெயில் காய்ந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லுவேன். அதோடு, பைஷாவின் ஒரு சுவரையாவது உற்றுப் பார்த்து, அதை அவ்வாறு கட்ட வேண்டுமென்று முடிவு செய்தவர்கள் முதலில் என்னென்ன கேள்விகள் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றும் சொல்லுவேன். நம்முடைய கரையும் அடிபட்ட கரை. அக்கேள்விகளை நாமும் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.